விடியலே இல்லாத கோளில் நாள்காட்டி எப்படி?

புதுக்கோள் · பிப்ரவரி 3, இரவு 9.10

900 ஆண்டுகள் ஓடும் பெருங்கதை. களம் ட்ராப்பிஸ்ட்-1 என்ற விண்மீனின் குடும்பத்தில் 'இ' என்ற கோள். கோள் தன் சூரியனுக்கு ஒரே முகத்தைக் காட்டியபடி சுற்றுகிறது. பகல் பக்கம் எப்போதும் பகல், இருள் பக்கம் எப்போதும் இருள். நிலவு இல்லை, பருவம் இல்லை. ஆகவே அங்கே காலக்கணக்கே பிறக்க முடியாது என்று முடிவு கட்டி, அரசன் ஆண்ட காலத்தைக்கூட 'பல்லாயிரம் உறக்கங்கள்' என்றே எழுதிக்கொண்டு போகிறேன். தர்க்கம் சரிதானே?

கணக்கன் · பிப்ரவரி 3, இரவு 11.45

சரியில்லை. காலக்கணக்கு வராத கோள் வேண்டுமென்றால் இந்தக் குடும்பத்தை விட்டுவிட்டு வேறு இடம் பாருங்கள். இது பல்சக்கரம் பூட்டிய கடிகாரம் மாதிரி.

பூமியிலிருந்து 40 ஒளியாண்டு. 2016-இல் மூன்று கோள்கள் என்றார்கள், 2017 பிப்ரவரியில் ஏழு என்று அறிவித்தார்கள். உள்ளிருந்து வெளியே வரிசையாகக் கோள்களின் சுற்றுக்காலங்கள், நம் நாள் கணக்கில்: பி 1.51, சி 2.42, டி 4.05, இ 6.10, எஃப் 9.21, ஜி 12.35, எச் 18.77. அடுத்தடுத்த கோள்கள் ஏறக்குறைய 8:5, 5:3, 3:2, 3:2, 4:3, 3:2 விகிதத்தில் ஒத்திசைந்து ஓடுகின்றன; பி 8 சுற்று முடிப்பதற்குள் சி 5 சுற்று, இப்படி. ஏழும் கிட்டத்தட்ட ஒரே தட்டில் சுற்றுவதால் உள்ளே இருக்கும் பி, சி, டி மூன்றும் இ-கோளுக்கும் சூரியனுக்கும் நடுவே புகுந்து கடக்கும். வெள்ளி நம் சூரியன் முகத்தில் கரும்புள்ளியாக நகரும் இடைநகர்வு போலத்தான். வெள்ளி நூற்றாண்டுக்கு இரண்டு முறை வந்தால் பெரிது. இங்கே வாராவாரம் திருவிழா.

எத்தனை நாளுக்கு ஒருமுறை? இரண்டு சுற்றுக்காலங்களையும் தலைகீழாக்கிக் கழியுங்கள், வரும் விடையை மறுபடி தலைகீழாக்குங்கள். பி-க்கு: 1 ÷ 1.511 = 0.6618, 1 ÷ 6.10 = 0.1639, வித்தியாசம் 0.4979, 1 ÷ 0.4979 = 2.008 நாள். இதே வழியில் சி 4.017 நாள், டி 12.05 நாள். 2.008-ஐ இரண்டால் பெருக்கினால் சி, ஆறால் பெருக்கினால் டி. இது தற்செயல் அல்ல, ஒத்திசைவு பிடித்து வைத்திருக்கிற கணக்கு.

வெளியே இருக்கும் எஃப் 18.07 நாளுக்கு ஒருமுறை இ-கோளை நெருங்கும். 12.05 × 3 = 36.15. 18.07 × 2 = 36.14. கடைசி இலக்கம் சுருக்கி எழுதியதால் வந்த வேறுபாடு. 36.15 நாளுக்கு ஒருமுறை வானம் பழைய கோலத்துக்கே திரும்பும். இதுதான் உங்கள் மாதம்.

புதுக்கோள் · பிப்ரவரி 4, காலை 7.05

கணக்கு பிடித்திருக்கிறது. ஆனால் என் மக்களிடம் தொலைநோக்கி இல்லை, கண்ணாடியே இன்னும் வரவில்லை. வெறுங்கண்ணுக்குத் தெரியுமா?

கணக்கன் · பிப்ரவரி 4, காலை 8.30

நன்றாகவே. அந்தச் சூரியன் உருவத்தில் சிறியது, நம் சூரியனின் விட்டத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஆனால் இ-கோள் 44 லட்சம் கிலோமீட்டர் பக்கத்தில் நிற்கிறது. அதனால் வானில் அது 2.2 பாகை அகலம், நம் சூரியனைப் போல நான்கு மடங்கு. அதன் முகத்தில் டி-கோள் 0.55 பாகை கருந்தட்டாக நகரும். நம் நிலவின் அளவு, சூரிய அகலத்தில் கால்வாசி. சி 0.4 பாகை, பி 0.3 பாகை. கடந்து முடிக்க பி-க்கு சுமார் 30 நிமிடம், சி-க்கு 35, டி-க்கு 41.

கண்ணால் நேரே பார்க்க வேண்டியதில்லை. இருட்டறை, சுவரில் ஊசித்துளை, எதிர்ச்சுவரில் பிம்பம். துளையிலிருந்து எதிர்ச்சுவர் 3 மீட்டர் என்றால் சூரியப் பிம்பம் 11 சென்டிமீட்டர். டி-யின் புள்ளி 3 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பி-யின் புள்ளி ஒன்றரைக்குச் சற்று மேல். விரலால் தொட்டுக் காட்டலாம்.

இதில் சொதப்புவது துளையின் அளவு. 3 மீட்டர் அறைக்கு 3 மில்லிமீட்டர் துளை போதும். வெளிச்சம் பத்தவில்லை என்று 2 சென்டிமீட்டருக்குக் குடைந்தால் பிம்பத்தின் ஓரம் 2 சென்டிமீட்டருக்குக் கலங்கிவிடும், பி-யின் புள்ளி அதில் கரைந்து காணாமல் போகும். டி மட்டும் அழுக்குக் கறை போலத் தெரியும்.

இதைவிட அழகு: சூரியன் நகராத கோள். எனவே பிம்பமும் நகராது. எதிர்ச்சுவரில் ஒருமுறை வட்டம் செதுக்கி வைத்தால் பேரன் காலத்திலும் அதே வட்டத்தில் வெளிச்சம் நிற்கும்.

மண்புழு · பிப்ரவரி 4, மதியம் 1.20

கணக்கரே, மேகத்தை மறந்துட்டீங்க. சூரியன் நேர் உச்சியில நிக்கிற பகுதியில சூடான காத்து ஏறிக்கிட்டே இருக்கும், தண்ணி இருந்தா அங்க நிரந்தரமா அடர்ந்த மேகக்கூட்டம் கட்டிக்கும். இந்த மாதிரி கோள்களுக்குப் போட்டுப் பார்த்த காலநிலைக் கணினி மாதிரிகள் 2013-லேர்ந்து இதைத்தான் காட்டுது. உச்சிக்குக் கீழ இருக்கிறவனுக்குச் சூரியனே ஒரு வெளுத்த பரப்புதான். டி கடக்கும்போது வெளிச்சம் ஆறரை சதவீதம் குறையும், பி கடந்தா ரெண்டு சதவீதம். மேகத்துக்கு அடியில அதைக் கண்ணு கண்டுபிடிக்காது.

கணக்கன் · பிப்ரவரி 4, மதியம் 2.00

ஒப்புக்கொள்கிறேன். ஊசித்துளை அறை பகலும் இருளும் சந்திக்கும் விளிம்பு நாட்டுக்குத்தான்.

புதுக்கோள், இதை வைத்தே அரசியல் எழுதலாமே. உச்சி நாட்டில் வெப்பம் உண்டு, மழை உண்டு, நேரம் மட்டும் இல்லை. விளிம்பு நாட்டவன் நேரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

புதுக்கோள் · பிப்ரவரி 4, இரவு 10.15

விளிம்பு என்றால் எவ்வளவு அகலம்? நான் ஒரு கோடு மாதிரி கற்பனை செய்துவிட்டேன். கோட்டின் மேல் ஒரு நகரம், ஒரு மதில், மதிலுக்கு அந்தப் பக்கம் இருட்டு.

கணக்கன் · பிப்ரவரி 4, இரவு 11.30

இ-கோளின் ஆரம் பூமியின் ஆரத்தில் 0.92 பங்கு, சுமார் 5,860 கிலோமீட்டர். ஒரு பாகைக்கு 102 கிலோமீட்டர் தரை. சூரியன் 2.2 பாகை அகலம். ஆக, சூரியன் அடிவானத்தில் நூலிழையாக எட்டிப் பார்க்கும் ஊரிலிருந்து முழு வட்டமும் மேலே நிற்கும் ஊர் 220 கிலோமீட்டர் தள்ளி. நடந்தால் பத்து நாள் நடை. அங்கே 'விடிவது' என்பது பயணம், நேரம் அல்ல. அந்தப் பக்கம், அடிவானத்துக்குக் கீழே 6 பாகை வரை வேலை செய்யப் போதுமான அந்திவெளிச்சம் இருக்கும் என்று கொண்டால் இன்னொரு 600 கிலோமீட்டர். மதிலை மறந்துவிடுங்கள்.

ஊசித்துளை அறைக்கு அடிவானத்தை ஒட்டிய ஊர் உதவாது. தாழ்ந்த சூரியனின் பிம்பம் காற்றில் வளைந்து நசுங்கிய முட்டை மாதிரி விழும், புழுதி வேறு. சூரியன் 10 முதல் 15 பாகை உயரத்தில் நிற்கும் நாடு நல்லது. கோட்டிலிருந்து பகல் பக்கமாக 1,000 முதல் 1,500 கிலோமீட்டர்.

மண்புழு · பிப்ரவரி 5, காலை 6.50

அந்த 10 பாகை நாட்டுல சாப்பாடு எப்படி விளையும்னு யாரும் கேக்கல.

இ-கோளுக்கு வந்து சேர்ற மொத்த ஆற்றல் பூமிக்கு வர்றதுல 0.65 பங்கு. சூரியனோட மேற்பரப்பு சுமார் 2,570 கெல்வின். அதனால ஒளியில பெரும்பகுதி அகச்சிவப்பு, உச்சம் 1.13 மைக்ரோமீட்டர் பக்கம். நம்ம இலை பயன்படுத்துற 400–700 நானோமீட்டர்ல பூமிக்குக் கிடைக்கிறதுல பத்துல ஒரு பங்குகூடத் தேறாது. பார்வைக்கு அது மேகமூட்டமான பகல் மாதிரி, அவ்வளவு மோசமில்ல. பயிருக்குத்தான் பட்டினி.

இதுக்கு மேல சாய்வு. சூரியன் 10 பாகையில நின்னா சமதரையில விழுற நேரடி ஒளி, ஒளிக்கு நேரா நிக்கிற பரப்புல விழுறதுல 17 சதவீதம்தான். செங்குத்துச் சுவர்ல 98 சதவீதம். அதனால அங்க வயல்னா சுவர். சூரியனைப் பார்த்த மலைச்சரிவுல செங்குத்தா அடுக்கடுக்கா மேடை கட்டி, முகப்புல பயிர் தொங்கும். சமவெளி ஏழை நிலம். பூமியில நெல்லுக்கும் கோதுமைக்கும் எந்த நிலத்தை விரும்புறோமோ அதுக்கு நேர் தலைகீழ்.

இன்னொண்ணு, நிழல். பூமியில மரநிழல் நகரும், எல்லா மண்ணும் கொஞ்சம் வெயில் பார்க்கும். அங்க நிழல் அசையாது. 3 மீட்டர் சுவர் கட்டினா அதுக்குப் பின்னால 15 மீட்டர் முழு இருட்டு, அதுக்கப்புறம் 19 மீட்டர் வரைக்கும் அரைநிழல். காலாகாலத்துக்கும். ஒவ்வொரு பாறைக்குப் பின்னாலயும் ஒரு கறுத்த நாக்கு மாதிரி பனி ஒட்டிக்கிட்டிருக்கும். அண்டை வீட்டுக்காரன் மாடி எடுத்தா உங்க வயல் செத்துச்சு. நாகரிகத்தோட முதல் சட்டம் கொலை பத்தி இருக்காது, சுவர் உயரம் பத்தித்தான் இருக்கும்.

புதுக்கோள் · பிப்ரவரி 5, காலை 9.00

மூன்றாம் அத்தியாயத்தின் கொலையைத் தூக்கிவிட்டுச் சுவர் வழக்கு வைக்கிறேன்.

மண்புழு · பிப்ரவரி 5, காலை 9.10

சுவர் வழக்கே கொலையில முடியட்டும். ரெண்டும் இருக்கும்.

தண்ணியையும் பார்த்துக்கோங்க. இருள் பக்கம் போற ஈரம் பனியா விழுந்து அங்கயே தங்கிடும். பனிப்பாறை தன் கனத்துல வழுக்கி விளிம்புக்குத் திரும்பி வந்து உருகினாத்தான் ஆறு. அதனால ஆறு எல்லாம் இருட்டுலேர்ந்து வெளிச்சத்துக்கு ஓடும். தரையை ஒட்டிய காத்தும் அதே திசைதான், குளிர்ந்த பக்கத்துலேர்ந்து சூடான பக்கத்துக்கு; மேல் அடுக்குல திரும்பிப் போகும். வீட்டு வாசல் சூரியனைப் பார்த்து, முதுகு காத்துக்கு. எல்லா வீடும் ஒரே திசை. குறுக்குத் தெருவுல நடந்தா ஒரு பக்கம் வாசலா இருக்கும், மறுபக்கம் முதுகாவே இருக்கும்.

கணக்கன் · பிப்ரவரி 6, இரவு 12.20

பிப்ரவரி 4 காலையில் 'பிம்பம் நகராது' என்று அடித்துச் சொன்னேன். தப்பு. திருத்திக்கொள்கிறேன்.

இ-கோளின் பாதை சரியான வட்டம் அல்ல. மையப்பிறழ்வு, அதாவது வட்டத்திலிருந்து விலகும் அளவு, சுமார் 0.005. கோள் தன்னைத்தான் சுற்றுவது சீரான வேகம், சூரியனைச் சுற்றுவது கொஞ்சம் வேகம், கொஞ்சம் மெதுவு. இந்த வித்தியாசம் வானத்தில் சூரியனை இரண்டு பக்கமும் ஊசலாட வைக்கும். வீச்சு ரேடியனில் மையப்பிறழ்வைப் போல இரு மடங்கு: 0.01, அதாவது இந்தப் பக்கம் 0.6 பாகை, அந்தப் பக்கம் 0.6 பாகை. நம் நிலவும் இப்படித்தான் தலையாட்டுகிறது.

3 மீட்டர் அறையில் பிம்பம் நடு நிலையிலிருந்து 3 சென்டிமீட்டர் இப்படியும் அப்படியும் போய்வரும். எனவே செதுக்க வேண்டியது ஒரு வட்டம் அல்ல, பக்கத்தில் பக்கத்தில் மூன்று. ஆட்டம் கோளின் நடுக்கோட்டுத் திசையில். விளிம்பும் நடுக்கோடும் வெட்டும் ஊர்களில் சூரியன் மேலும் கீழும் ஆடும். துருவத்தை ஒட்டிய ஊர்களில் அடிவானத்தோடு இடம்வலமாக ஆடும். மண்புழுவின் அசையாத நிழலுக்கும் இது கொஞ்சம் உயிர் கொடுக்கிறது. மேலும் கீழும் ஆடும் ஊரில் அந்த 15 மீட்டர் இருட்டு ஒரு மீட்டர்போலக் கூடிக் குறையும். அந்த ஒரு மீட்டர் நிலம் யாருக்கு என்பதுதான் வழக்கு.

கோட்டின் மேலேயே இருக்கும் ஊர்களில், வெட்டும் இடத்தை ஒட்டி 120 கிலோமீட்டர் அகலத்துக்கு, சூரியன் ஒவ்வொரு ஆட்டத்திலும் கொஞ்சம் எழுந்து கொஞ்சம் அமிழும். விடியலே இல்லாத கோள் என்றீர்களே, விடியல் உள்ள ஒரே பட்டை அது. புனிதத் தலம் வைக்க வேறு இடம் தேட வேண்டாம்.

புதுக்கோள் · பிப்ரவரி 6, காலை 7.30

அப்படியானால் ஆட்டம் ஒன்றுக்கு 6.10 நாள், அதுதான் ஆண்டு. 36.15-ஐ 6.10-ஆல் வகுத்தால் 5.93 வருகிறது. ஆண்டும் மாதமும் பொருந்தவில்லை. இடைச்செருகல் நாள், அதற்கொரு பூசாரி, அவனுக்கொரு சண்டை. அருமை.

கணக்கன் · பிப்ரவரி 6, இரவு 10.40

கெடுக்கிறேன், மன்னிக்கவும். ஆட்டம் 6.10 நாள் அல்ல, 6.02.

இந்த நீள்வட்டமே பக்கத்துக் கோள்களின் இழுப்பால் உண்டாவது. அதே இழுப்பு நீள்வட்டத்தைச் சுமார் 490 நாளுக்கு ஒரு சுற்று பின்னோக்கித் திருப்பவும் செய்கிறது. கோள் முன்னே ஓட, நீள்வட்டத்தின் கிட்டமுனை, அதாவது சூரியனுக்கு மிக அருகான இடம், எதிரே வருகிறது. அதனால் முழுச் சுற்று முடிவதற்குள்ளேயே கிட்டமுனையைத் தொட்டுவிடுகிறது. 1 ÷ 6.10 உடன் 1 ÷ 490-ஐக் கூட்டித் தலைகீழாக்கினால் 6.02. அதை ஆறால் பெருக்கினால் 36.15.

இதுவும் அதே பல்சக்கரத்தில்தான் மாட்டியிருக்கிறது. சுவரில் ஆறு ஆட்டம், பதினெட்டு பி, ஒன்பது சி, மூன்று டி: ஒரு மாதம். 6.10 என்பது இருள் பக்கத்தில் விண்மீன்கள் ஒரு சுற்று வரும் காலம். ஆக உங்கள் பூசாரிச் சண்டை போகவில்லை, இடம் மாறுகிறது. விளிம்பு நாட்டவன் சுவர் பார்த்து 6.02 என்பான், பனிநாட்டவன் விண்மீன் பார்த்து 6.10 என்பான். இருவரும் சரி.

மண்புழு · பிப்ரவரி 7, காலை 6.30

மூணு கோளும் ஒரே நேரத்துல சூரியன் முகத்துல வரிசை கட்டி நிக்கிற காட்சி அட்டைப்படத்துக்கு நல்லா இருக்குமே?

கணக்கன் · பிப்ரவரி 7, காலை 7.15

வேண்டாம். ஒத்திசைவு சில கூட்டணிகளைக் கட்டிவைக்கிறது, சிலவற்றைத் தடுக்கிறது. வியாழனின் அயோ, யூரோப்பா, கானிமீட் மூன்றும் ஒரே பக்கத்தில் வரிசையில் நிற்பதே கிடையாது. இங்கே டி இ-கோளுக்கு நேராக வரும் வேளையில் சி எப்போதும் விலகித்தான் இருக்கும். சி, டி இரண்டும் ஒன்றாகச் சூரியன் முகத்தில் வராது. தீர்க்கதரிசனம் எழுத வேண்டுமானால் 'இருவரும் சேரும் நாளில் அரசு விழும்' என்று எழுதலாம். அரசன் நிம்மதியாகத் தூங்குவான்.

புதுக்கோள் · பிப்ரவரி 8, இரவு 8.00

தூக்கம் என்றதும் நினைவு வந்தது. என் மக்கள் பூமியிலிருந்து போனவர்கள். எப்போது தூங்குவார்கள்?

கணக்கன் · பிப்ரவரி 8, இரவு 9.25

இதை எழுதத்தான் காத்திருந்தேன். மனித உடலின் உள்கடிகாரம், வெளிச்சத்தின் தயவு இல்லாமல் விட்டால், சராசரியாக 24 மணி நேரத்துக்குச் சற்று மேலே, சுமார் 24.2 மணி நேரம் ஓடும். பி கடப்பது 2.008 நாளுக்கு ஒருமுறை, அதாவது 48.2 மணி. அதில் பாதி 24.1 மணி, அதுதான் அவர்கள் நாள்.

பி ஒருமுறை கடந்தால் இரண்டு நாள். மாதம் சரியாக 36 நாள். சி நான்கு நாள் வாரம், டி பன்னிரண்டு நாள். எதையும் இடைச்செருக வேண்டாம்.

சிக்கல் எங்கே என்றால், ஒற்றை நாளில் பி கடக்கும், இரட்டை நாளில் கடக்காது. ஊர் இரண்டு குழுவாக மாறி மாறித் தூங்கினால், கடப்பு நடக்கும் நேரத்தில் விழித்திருக்கும் குழு எப்போதும் அதே குழுவாக இருக்கும். மற்றொரு குழு தலைமுறை தலைமுறையாக அதைப் பார்க்காமலே தூங்கும். அவர்களுக்கு நேரம் என்பது கேள்விப்பட்ட செய்தி.

இன்னொரு சிக்கல் துல்லியம். கோள்கள் ஒன்றையொன்று இழுப்பதால் கடப்பு குறித்த நேரத்துக்கு முன்பின்னாக வரும். பூமியிலிருந்து பார்த்தபோதே சில கோள்களுக்கு இந்தத் தாமதம் அரைமணிக்கு மேல் போயிருக்கிறது. அதை வைத்துத்தான் கோள்களின் நிறையையே கணக்கிட்டார்கள். ஒரே கடப்பை வைத்து நாழிகை வட்டிலைத் திருத்தினால் கெடும். பதினெட்டு கடப்புகளின் சராசரியை வைத்துத் திருத்த வேண்டும். அந்தச் சராசரியைப் போடத் தெரிந்தவன்தான் உங்கள் பூசாரி.

மண்புழு · பிப்ரவரி 9, காலை 7.00

சூரியப் புள்ளியைக் கோள்னு நினைச்சு ஏமாற மாட்டாங்களா?

கணக்கன் · பிப்ரவரி 9, காலை 7.20

ஏமாற முடியாது. அந்தச் சூரியன் 3.3 நாளில் ஒருமுறை சுழல்கிறது. இ-கோளிலிருந்து பார்த்தால் ஒரு புள்ளி ஓரத்திலிருந்து ஓரம் போக மூன்றரை நாளுக்கு மேல் ஆகும். கோள் அரைமணியில் போய்விடும். தவிர, புள்ளி உருவம் மாறும், கோள் மாறாது.

கவலைப்பட வேண்டியது சுடர்வெடிப்பு. கெப்ளர் தொலைநோக்கி அந்த விண்மீனை 80 நாள் பார்த்ததில் 42 வெடிப்புகள் எண்ணினார்கள். அங்கத்திய மாதத்துக்குச் சுமார் 19. பெரும்பாலானவை சிறியவை. ஆனால் தோல் நோய், கண் நோய், வெளுத்த கூரை எல்லாம் கதையில் இருந்தே ஆக வேண்டும். உள்ளே இருக்கும் பி-கோளின் பகல் பக்கம் சுமார் 500 கெல்வின் என்று 2023-இல் வெப் தொலைநோக்கி அளந்தது. அடர்ந்த காற்று இருந்திருந்தால் வெப்பம் இருள் பக்கத்துக்குப் பரவி இந்த அளவு குறைந்திருக்கும். இ-கோளுக்குக் காற்று எப்படித் தங்கியது என்று ஒரு வரியாவது சொல்லிவிடுங்கள்.

புதுக்கோள் · பிப்ரவரி 10, இரவு 11.00

இருள் பக்கத்துச் சுரங்க ஊர்களுக்கு?

கணக்கன் · பிப்ரவரி 10, இரவு 11.50

அவர்களுக்கு எஃப். 18.07 நாளுக்கு ஒருமுறை சூரியனுக்கு நேர் எதிரே வரும்போது 13.8 லட்சம் கிலோமீட்டர் பக்கத்தில், 0.55 பாகை அகலத்தில், முழுவட்டமாக ஒளிரும். நம் முழுநிலவின் அளவு. இருள் பக்கத்து நடுவில் இருப்பவன் தலைக்கு நேர் மேலே பார்ப்பான். சூரியன் 10 பாகை உயரத்தில் நிற்கும் ஊர்க்காரனுக்கு அந்த முழுவட்டம் எதிர் அடிவானத்துக்குக் கீழே 10 பாகையில் இருக்கும், பார்க்கவே மாட்டான். பகல்காரனுக்கு டி, இருள்காரனுக்கு எஃப். மூன்று டி, இரண்டு எஃப் என்று மாத இறுதியில் கணக்கு நேராகும். பனியும் தானியமும் மாற்றிக்கொள்ளும் சந்தை அன்றைக்குத்தான்.

மண்புழு · பிப்ரவரி 11, காலை 6.40

வந்து சேர்ற கப்பலையும் ஒரு தடவை கணக்குப் போடுங்க. எல்லாக் கதையிலயும் அதுதான் ஓட்டை.

கணக்கன் · பிப்ரவரி 11, இரவு 8.10

ஒளியின் பத்தில் ஒரு பங்கு வேகம், 400 ஆண்டு. 1,000 டன் கப்பலை அந்த வேகத்துக்கு ஏற்ற 4.5 × 10²⁰ ஜூல். உலகம் முழுதும் இப்போது ஓராண்டில் செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்குக்குப் பக்கம். நிறுத்த அதே அளவு இன்னொரு தரம், அதுவும் எரிபொருள் எடையைச் சேர்க்காமல். ஆயிரம் டன்னில் நானூறு ஆண்டுக்கான ஊர் அடங்காது. உறைந்த கருக்களும் விதைகளும் என்று சுருக்கினால் கணக்கு மூச்சுவிடும். பூமிக்கு ஒரு கேள்வி அனுப்பிப் பதில் வர 80 ஆண்டு, அங்கத்திய மாதத்தில் 808.

புதுக்கோள் · பிப்ரவரி 14, இரவு 10.30

அரசன் இப்போது 202 மாதம் ஆள்கிறான், நம் 20 ஆண்டு. சுவர் வழக்கின் தீர்ப்பு ஒரு டி கடப்பின்போது வாசிக்கப்படுகிறது. பிம்பத்தில் புள்ளி வட்டத்துக்குள் நுழையும்போது தொடங்கி, வெளியேறும்போது முடிக்க வேண்டும் என்பது மரபு. மூன்று பக்கம் வருகிறது.

கணக்கன் · பிப்ரவரி 14, இரவு 10.50

41 நிமிடத்தில் மூன்று பக்கம் மெதுவாகவே வாசிக்கலாம். குற்றவாளிக்குப் பேச இடம் கொடுங்கள்.

மண்புழு · பிப்ரவரி 15, காலை 6.15

அந்த அறையில ஆள் கூட்டம் சேர்ந்தா மூச்சுக்காத்து ஈரம் பட்டு, பின்னாலேர்ந்து வர்ற குளிர் காத்துல துளையில பனி படிஞ்சு அடைச்சுக்கும். 3 மில்லிமீட்டர்தானே. துளை பக்கத்துல ஒரு பையன் கையில முள் வெச்சுக்கிட்டு நிக்கணும்.

புதுக்கோள் · பிப்ரவரி 15, காலை 8.00

பையனுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. அவன் அன்றைக்கு முள்ளை வேண்டுமென்றே கொண்டுவரவில்லை.